நம் பெயரில் ஒரு சட்டம்

கனடா நாட்டின் சட்டப் புத்தகத்தில் ‘இந்தியர் சட்டம்’ என்ற பெயரில் ஒரு சட்டம் இருக்கிறது. 1876-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, பலமுறை திருத்தப்பட்டு, இன்றைக்கும் நடைமுறையில் உள்ள சட்டம் அது. யார் ‘இந்தியர்’, யார் ‘இந்தியர்’ அல்லர் என்று அது வரையறுக்கிறது. ஆனால் அந்த இந்தியர் நாமல்லோம். டொரன்டோவில் கடை வைத்திருக்கும் பஞ்சாபியரோ, மருத்துவமனையில் பணிபுரியும் கேரளத்துச் செவிலியரோ, நம்மூர்ப் பொறியாளரோ அல்லர். இந்தியாவைத் தேடிப் புறப்பட்ட ஐரோப்பியர், வேறொரு கண்டத்தில் போய் இறங்கி, அங்கே வாழ்ந்த மக்களுக்கு நம் பெயரைச் சூட்டினார்கள். நாமும் நம் பங்கிற்கு நிறத்தையும் சேர்த்துச் ‘செவ்விந்தியர்’ என்று பள்ளியில் படித்தோம். மாலுமி செய்த பிழை மாலுமியோடு போகவில்லை, சட்டமாகி நிலைத்துவிட்டது.

சென்ற மாதம் நம் மன்றப் படிப்பகத்தில் நடந்த உரையாடல் ஒன்றே இத்தலையங்கத்திற்குக் காரணம். “கனடாவில் வெள்ளைக்காரர் குடியேறினார்கள். நாமும் ஊரை விட்டு வந்து இங்கே குடியேறியவர்கள்தாமே? பிறகு அவர்களை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்?” என்று இளைஞர் ஒருவர் கேட்டார். வயிற்றுப்பிழைப்புக்காகத் தந்தை வந்து சேர்ந்த நகரத்தில், ‘வெளியார்’ என்ற சொல்லைக் காதில் கேட்டே வளர்ந்தவர் அவர். அவருடைய கேள்வியில் வலியும் இருந்தது, நியாயமும் இருந்தது. ஒரு வரியில் பதில் சொல்லி அவரை அனுப்பிவிட நமக்கு மனமில்லை. கனடாவின் தொடக்க கால வரலாற்றிலேயே அதற்கான பதிலைத் தேடுவோம்.

1534-ஆம் ஆண்டு ஜூலை மாதம். பிரெஞ்சு மாலுமி ஷாக் கார்ட்டியே, இன்றைய கனடாவின் கிழக்குக் கரையில் கஸ்பே என்னுமிடத்தில் முப்பதடி உயரச் சிலுவை ஒன்றை நாட்டினார். பிரெஞ்சு மன்னர் வாழ்க என்று அதில் பொறித்திருந்தது. மீன்பிடிக்க அங்கு வந்திருந்த மக்களின் தலைவர் தொன்னக்கோனா, தம் மைந்தர்களுடன் படகில் வந்தார். சிலுவையைச் சுட்டிக்காட்டி, சுற்றியுள்ள நிலமெல்லாம் தம்முடையது, தம்மைக் கேளாமல் இதை நாட்டியிருக்கக் கூடாது என்று சைகையால் உணர்த்தினார். துறைமுகத்துக்கு வழிகாட்டும் அடையாளம்தான் இது என்று கார்ட்டியே பதில் சைகை காட்டினார். இதை அவருடைய எதிரிகள் யாரும் எழுதி வைக்கவில்லை. அவருடைய பயணக் குறிப்பே சொல்கிறது. தொன்னக்கோனாவின் மைந்தர் இருவரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு அவர் பிரான்சு திரும்பினார்.

அடுத்த ஆண்டு அவர்களையே வழிகாட்டிகளாகக் கொண்டு மீண்டும் வந்தார். அவர்களுடைய மொழியில் ஊரைக் குறிக்கும் ‘கனாட்டா’ என்ற சொல்தான் பின்னர் நாட்டுக்கே பெயராயிற்று. அந்தக் குளிர்காலத்தில் ஆறு உறைந்தது. கார்ட்டியேயின் 110 ஆட்களை ஸ்கர்வி நோய் பற்றிக்கொண்டது. ஈறு அழுகி, கால் வீங்கி, ஒருவர்பின் ஒருவராக 25 பேர் மடிந்தார்கள். நோயின் கடுமை வெளியே தெரிந்தால் தாக்கப்படுவோமோ என்று அஞ்சி, கார்ட்டியே அதை மறைத்தார். தொன்னக்கோனாவின் மைந்தர் தொமகாயாவுக்கும் அதே நோய் கண்டு குணமாகியிருந்தது. எப்படிக் குணமாயிற்று என்று கார்ட்டியே கேட்டபோது, தொமகாயா மறைக்கவில்லை. ‘அன்னெடா’ என்ற மரத்தின் பட்டையையும் இலையையும் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார். பெண்கள் கிளைகளைக் கொண்டுவந்து காட்டிக்கொடுத்தார்கள். எட்டு நாட்களுக்குள் ஒரு பெரிய மரமே தீர்ந்தது, எஞ்சியவர்கள் பிழைத்தார்கள்.

இதற்குக் கைம்மாறு என்ன தெரியுமா? 1536-ஆம் ஆண்டு மே மாதம், தொன்னக்கோனாவையும் அவருடைய மைந்தரையும் வேறு சிலரையும் பிடித்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டு பிரான்சுக்குப் புறப்பட்டார் கார்ட்டியே. இவ்வாறு கொண்டுபோகப்பட்ட பத்துப் பேரில் ஒருவரும் ஊர் திரும்பவில்லை. 1541-இல் கார்ட்டியே மட்டும் திரும்பி வந்தார். தொன்னக்கோனா இறந்தது உண்மை. மற்றவர்கள் பிரான்சில் பிரபுக்களைப் போல வாழ்கிறார்கள், அதனால் திரும்பி வர விரும்பவில்லை என்று ஊராரிடம் சொன்னார். அப்போது ஒரு சிறுமியைத் தவிர எல்லோரும் இறந்துவிட்டிருந்தார்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் முன்னோர் வாக்கு. கனடாவின் ஐரோப்பிய வரலாறு உப்பிட்டவரைக் கடத்திச் சென்றதிலிருந்து தொடங்குகிறது.

ஆயினும் அடுத்த இருநூறு ஆண்டுகளின் வரலாறு முழுவதும் இத்தகையதே என்று சொன்னால் அது உண்மையாகாது. 1608-இல் சாம்ப்ளேன் கியூபெக்கில் குடியிருப்பு அமைத்தபோது அவருடன் குளிர்காலத்தைக் கழித்தவர்கள் 28 பேர். வசந்தம் வந்தபோது உயிருடன் இருந்தவர்கள் எட்டுப் பேர். அந்தக் குளிரில் வாழவும், மரப்பட்டைப் படகில் ஆறுகளைக் கடக்கவும், பனியில் நடக்கவும், காட்டில் உணவு தேடவும் பூர்வகுடி மக்களின் துணையின்றி அவர்களால் முடியாது. ஐரோப்பியச் சீமான்களின் தொப்பிக்கு வேண்டிய பீவர் என்னும் விலங்கின் தோலும் அம்மக்களின் கையில்தான் இருந்தது. ஆகவே புதிதாக வந்தவர்கள் அவர்களோடு பேசினார்கள், பரிசு கொடுத்தார்கள், உறவு கொண்டாடினார்கள், அவர்களுடைய போர்களில் துணை நின்றார்கள்.

பூர்வகுடிகளுக்குள் பகையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஹோடனோசோனி எனப்படும் ஐந்து இனங்களின் கூட்டமைப்புக்கும் வெண்டாட் மக்களுக்கும் இடையே கடும்போர் நடந்தது. தோல் வணிகமும் துப்பாக்கியும் அந்தப் பகைக்கு எண்ணெய் வார்த்தன. அதற்கும் முன்பே, 1634-க்கும் 1640-க்கும் இடையில், பெரியம்மை முதலிய ஐரோப்பிய நோய்கள் பரவி வெண்டாட் மக்களில் ஏறத்தாழ பாதிப் பேர் மாண்டார்கள். நோயால் மெலிந்த அந்த மக்கள் 1649-இல் போரில் சிதறடிக்கப்பட்டார்கள்.

அந்தச் சிதறலுக்குப் பிறகுதான் 1701-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் மோன்ட்ரியாலில் மாபெரும் சமாதான உடன்படிக்கை ஏற்பட்டது. ஏறத்தாழ நாற்பது இனங்களைச் சேர்ந்த 1300 தூதர்கள் அங்கே கூடினார்கள். அந்தச் சமாதானத்துக்காகப் பெரிதும் உழைத்த வெண்டாட் தலைவர் கோண்டியரோங்க், பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே நோயுற்று, இரு நாட்களுக்கு முன்பு இறந்துபோனார். பிரெஞ்சு ஆளுநர் கலந்துகொண்ட இறுதி ஊர்வலத்துடன் அவரை அடக்கம் செய்தார்கள். தலைவர்கள் தத்தம் குலத்தின் விலங்கை, பறவையை வரைந்து கையொப்பமிட்டார்கள். அது ஆண்டானும் அடிமையும் செய்துகொண்ட ஏற்பாடன்று. நாடுகளுக்கு இடையிலான உடன்படிக்கை.

ஆங்கிலேயரின் வழி கம்பெனி வழி. இந்தக் கதை நமக்குப் புதிதன்று. 1600-ஆம் ஆண்டின் கடைசி நாளில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு லண்டனில் சாசனம் வழங்கப்பட்டது போலவே, 1670-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் ஹட்சன் விரிகுடாக் கம்பெனிக்கு இரண்டாம் சார்லஸ் மன்னர் சாசனம் வழங்கினார். அந்த விரிகுடாவில் கலக்கும் ஆறுகள் எங்கெல்லாம் பாய்கின்றனவோ அந்த நிலமெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம் என்றது சாசனம். அங்கே வாழ்ந்த மக்களை யாரும் கேட்கவில்லை. இருநூறாண்டுகளுக்குப் பிறகு, 1870-இல், அந்த நிலப்பரப்பு மூன்று இலட்சம் பவுனுக்குக் கனடா அரசின் கைக்கு மாறியது. அப்போதும் யாரும் கேட்கவில்லை.

பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த ஏழாண்டுப் போரில் கியூபெக் 1759-இல் வீழ்ந்தது. நம் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றது 1760 ஜனவரியில். இரண்டும் ஒரே போர். 1763-இல் பாரிசில் கையெழுத்தான ஒரே உடன்படிக்கையில் புதுச்சேரி பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பக் கிடைத்தது. கனடா ஆங்கிலேயருக்குப் போயிற்று. அந்த மேசையில் பூர்வகுடித் தலைவர் எவரும் இல்லை. தமிழர் எவரும் இல்லை. யாருடைய நிலம் பங்கு போடப்பட்டதோ அவர்களுக்கு அங்கே நாற்காலி இல்லை.

ஆனால் அங்கிருந்த மக்கள் சும்மா இருந்துவிடவில்லை. “பிரெஞ்சுக்காரனை வென்றாய், எங்களை வெல்லவில்லையே!” என்பதுதான் அவர்களுடைய நிலை. பாண்டியாக் முதலிய தலைவர்களின் கீழ் 1763-இல் அவர்கள் கிளர்ந்தெழுந்து, ஏரிப் பகுதியில் பல கோட்டைகளைக் கைப்பற்றினார்கள். அவ்வாண்டு அக்டோபர் 7-ஆம் நாள் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பூர்வகுடிகளின் நிலத்தைத் தனியார் எவரும் வாங்கக் கூடாது. மன்னரின் பிரதிநிதி மட்டுமே, அம்மக்களின் பொதுக்கூட்டத்தில், அவர்கள் விற்க விரும்பினால் வாங்கலாம் என்றது அது. நிலமெல்லாம் தம் ஆட்சிக்குட்பட்டது என்ற ஆணவமும் அதில் இருந்தது. அம்மக்களின் சம்மதமின்றி நிலத்தைத் தொடக் கூடாது என்ற ஒப்புதலும் இருந்தது.

அடுத்த ஆண்டு நயாகராவில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் கூடினார்கள். மன்னரின் பிரதிநிதி வில்லியம் ஜான்சன் பிரகடனத்தைக் காகிதத்தோடு நிறுத்திவிடவில்லை. சிப்பி மணிகளைக் கோத்து நெய்த வாம்பம் பட்டைகளை அவர்களுடைய முறைப்படியே வழங்கினார். அவற்றுள் ஒன்றில் இரு மனித உருவங்கள் கைகோத்து நிற்கின்றன. அம்மக்களுக்கு அந்தப் பட்டைதான் பத்திரம். அதைக் கையிலேந்தி, சொல்லப்பட்ட வாக்கைத் தலைமுறை தலைமுறையாகச் சபையில் எடுத்துரைப்பது அவர்கள் வழக்கம். எழுத்து இல்லாதவர்கள் என்று அவர்களை இகழ்ந்தவர்கள், தாம் எழுதியதையே மறந்தார்கள், அவர்கள் மறக்கவில்லை.

இங்கேதான் நாம் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். இந்த மதிப்பெல்லாம் எதுவரை நீடித்தது? தேவை இருந்தவரை நீடித்தது. 1812-இல் அமெரிக்கா படையெடுத்து வந்தபோது, கனடாவைக் காத்ததில் பூர்வகுடி வீரர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. அவர்களுடைய மாபெரும் தலைவர் டெக்கம்சே 1813 அக்டோபரில் போர்க்களத்தில் உயிர் துறந்தார். 1814-இல் சமாதானம் வந்தது. தோல் வணிகம் தேய்ந்தது, குடியேறுவோர் கூட்டம் பெருகியது. 1830-இல் பூர்வகுடிகள் தொடர்பான நிர்வாகம் இராணுவத்தின் கையிலிருந்து சிவில் அதிகாரிகளின் கைக்கு மாற்றப்பட்டது. நேற்றுவரை தோளோடு தோள் நின்ற துணைவர்கள், இன்று கோப்பில் ஒரு தொல்லையானார்கள்.

நிலமும் கரைந்தது. அமெரிக்கப் புரட்சியில் ஆங்கிலேயர் பக்கம் நின்று சொந்த நிலத்தை இழந்த ஆறு இன மக்களுக்கு, 1784-இல் கிராண்டு ஆற்றின் இருகரையிலும் ஆறாறு மைல் அகலத்துக்கு நிலம் வழங்கப்பட்டது. ஏறத்தாழ ஒன்பதரை இலட்சம் ஏக்கர். இன்று அவர்களிடம் எஞ்சியிருப்பது அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. டொரன்டோ நகரத்தின் கதையோ நம் ஊர்க் கந்துவட்டிக்காரர்களையும் வெட்கப்படச் செய்யும். மிஸிஸாகா மக்களிடமிருந்து 1787-இல் அந்த நிலத்தை வாங்கியதாகச் சொல்லும் பத்திரத்தில் நிலத்தின் எல்லையே எழுதப்படவில்லை. வெற்றுப் பத்திரம்! தலைவர்களின் குலச்சின்னங்கள் வேறு தாளில் இருந்தன. பிழை தெரிந்த பிறகு, 1805-இல் பத்து ஷில்லிங் கொடுத்து, இரண்டரை இலட்சம் ஏக்கருக்குப் புதுப் பத்திரம் எழுதிக்கொண்டார்கள். அதற்கான இழப்பீடாக 14 கோடியே 50 இலட்சம் டாலர் வழங்கக் கனடா அரசு ஒப்புக்கொண்டது 2010-இல்.

பிறகு வந்ததுதான் நாம் தொடக்கத்தில் சொன்ன சட்டம். 1876-இல் பூர்வகுடி மக்கள் அனைவரும் சட்டத்தின் முன் மைனர்களாகவும், அரசு அவர்களுடைய கார்டியனாகவும் ஆக்கப்பட்டார்கள். வேற்றினத்தவரை மணந்த பெண், ‘இந்தியர்’ என்ற தகுதியை இழந்தாள். ஆணுக்கு அந்தத் தண்டனை இல்லை. இந்த அநீதியைத் திருத்த 1985 ஆயிற்று. மேற்குக் கரை மக்களின் பொட்லாச் விழா 1884-இல் இயற்றிய சட்டத் திருத்தத்தால் தடை செய்யப்பட்டது. 1885-க்குப் பின், எந்தச் சட்டத்திலும் எழுதப்படாமலே, மேற்குச் சமவெளியில் ஒதுக்கு நிலத்தை விட்டு வெளியே செல்ல அதிகாரியின் சீட்டு வேண்டுமென்றார்கள். நில உரிமைக்கு வழக்காட அனுமதியின்றிப் பணம் திரட்டுவதே 1927 முதல் 1951 வரை குற்றமாக இருந்தது. ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு விடுதிப் பள்ளிகளில் அடைக்கப்பட்டார்கள். தாய்மொழி பேசியதற்காக அங்கே தண்டிக்கப்பட்டார்கள். தாய்மொழிக்காகப் போராடிய மரபில் வந்த நமக்கு இதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அச்சட்டம் வந்தபோது கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தவர் டஃபரின் பிரபு. பின்னர் 1884-இல் இந்தியாவின் வைசிராயாக வந்தவரும் அவரே. அவரையடுத்து வைசிராயான லான்ஸ்டவுன், பின்னர் வந்த மின்டோ ஆகியோரும் கனடாவில் கவர்னர் ஜெனரலாக இருந்துவிட்டு இங்கே வந்தவர்கள்தாம். அங்கிருந்த இந்தியரையும் இங்கிருந்த இந்தியரையும் ஆண்ட கைகள் ஒன்றே.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. கிழக்குக் கரையில் மிக்மாக் மக்களோடு 1760-61-இல் ஆங்கிலேயர் செய்துகொண்ட உடன்படிக்கை ஒன்று உண்டு. அந்த இனத்தைச் சேர்ந்த டொனால்ட் மார்ஷல் என்பவர் 1993-இல் விலாங்கு மீன் பிடித்து 787 டாலருக்கு விற்றார். உரிமம் இல்லை என்று வழக்குத் தொடர்ந்தார்கள். பழைய உடன்படிக்கை தந்த உரிமை இன்றும் உயிரோடு இருக்கிறது என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. பெரிய ஏரிகளின் வடகரையில் 1850-இல் செய்த ராபின்சன் உடன்படிக்கைகளின்படி, நிலத்தின் வருவாய் பெருகினால் ஆண்டுத்தொகையும் பெருக வேண்டும். கனிமமும் மரமும் கோடிகோடியாகக் கொட்டின. ஆனால் 1875-இல் ஆளுக்கு ஆண்டுக்கு நான்கு டாலர் என்று உயர்த்தியதோடு சரி. அதன்பின் உயரவே இல்லை. அரசு வாக்குத் தவறியது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. பட்டையில் நெய்த வாக்கைப் பேரன் பேத்திகளுக்குச் சொல்லிச் சொல்லிக் காத்தார்களே, அந்த நினைவுதான் நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது.

இப்போது நம் இளைஞரின் கேள்விக்கு வருவோம். குடிபெயர்வது குற்றமன்று. பசி துரத்தினாலும் போர் துரத்தினாலும் மனிதன் இடம்பெயரத்தான் செய்வான். அவ்வாறு வந்தவன் அங்குள்ள வழக்கத்துக்கும் சட்டத்துக்கும் உட்பட்டு, உழைத்து, வரி கொடுத்து வாழ்கிறான்; உரிமை கேட்டால் சம உரிமை கேட்கிறான். கனடாவில் நடந்தது அதுவன்று. வந்தவன் தன் சட்டத்தைக் கொண்டுவந்தான். இருந்தவனை அந்தச் சட்டத்தின்கீழ் மைனராக்கினான். அவனுடைய பெயரையும் தானே வைத்தான். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப்பிடாரியை விரட்டிய கதை அது. நம்மை ‘வெளியார்’ என்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்குகிறார்கள். நாம் அவ்வாறு ஆக்கக் கூடாது.

ஆனால் இந்தப் பதிலோடு நம் கடமை முடிந்துவிடாது. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த ஈழத் தமிழர் 155 பேரை அங்குள்ள மீனவர்கள் காப்பாற்றினார்கள். அந்த நன்றியை நம் இனம் மறக்காது. அதே தீவில் ஒரு காலத்தில் பியோதக் என்ற இனம் வாழ்ந்தது. கடற்கரையைக் குடியேறியவர்கள் பிடித்துக்கொள்ள, உணவும் இடமும் இழந்து, நோயாலும் வன்முறையாலும் அவ்வினம் அழிந்தது. அவர்களுள் கடைசியாக அறியப்பட்டவரான ஷானாதித் என்ற பெண் 1829-இல் இறந்தார். நாம் கரையேறிய மண் அது. டொரன்டோவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இன்று பல்லாயிரம் தமிழர் வீடு வாங்கி வாழ்கிறார்கள். அந்த வீட்டுப் பத்திரங்களுக்கெல்லாம் மூலப்பத்திரம் பூர்வகுடிகளோடு செய்த உடன்படிக்கைதான். வெள்ளையர் கொடுத்த வாக்கு அது, நமக்கென்ன என்று நம்மவர் இருந்துவிட முடியாது. மூலப்பத்திரத்தின் பயனை அனுபவிப்பவர், அதிலுள்ள கடனுக்கும் வாரிசு.

இது கனடாவுக்கு மட்டும் பொருந்துவதா? ரூர்கேலா போன்ற நம் உருக்காலை நகரங்களுக்கு வேலைதேடிச் சென்ற தமிழர் பலர். அந்த ஆலைக்காக நிலத்தை விட்டுச் சென்ற ஆதிவாசிகளின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? வெளியார் என்று நம்மைச் சுட்டும் விரலைக் கண்டு வருந்தும் நாம், நமக்கு முன்பே அந்த மண்ணில் இருந்து வெளியேற்றப்பட்டவர்களைப் பற்றியும் கேட்டறிய வேண்டும்.

பெயரில் தொடங்கினோம், பெயரிலேயே முடிப்போம். அம்மக்கள் தங்களை மிக்மாக் என்றும், வெண்டாட் என்றும், அனிஷினாபே என்றும், ஹோடனோசோனி என்றும் அழைத்துக்கொள்கிறார்கள். இனி நம் ஏட்டில் ‘செவ்விந்தியர்’ என்ற சொல் இடம்பெறாது. நம் பிள்ளைகளின் பாடநூலில் அச்சொல் இருந்தால், பெற்றோர் அதன் பக்கத்தில் பென்சிலால் சரியான பெயரை எழுதிக்கொடுக்கட்டும். சிறிய செயல்தான். ஆனால் ஒரு மக்களின் நிலத்தைப் பறித்தவர்கள் முதலில் பறித்தது அவர்களுடைய பெயரை. திருப்பிக் கொடுப்பதையும் நாம் அங்கிருந்தே தொடங்குவோம்.